டிரைவர் சைடு

தேவாரத்தில் பொன்னுராஜ் என்று ஒருவர் சொந்தமாக விமானம் கட்டுகிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். பதினோரு வருஷமாகச் சிரித்து அவர்களுக்கு அலுத்துப் போயிருந்தது. எனக்கும்தான். பொன்னுராஜ் என் அக்கா சண்முகத்தாயின் வீட்டுக்காரர், எனக்கு மச்சான். பஜாரில் யார் கண்ணில் பட்டாலும், "என்ன மலைச்சாமி, ஒங்க மச்சான் எப்பப் பறக்குறாக?" என்பார்கள். நான் வாழைத்தார் ஏற்றும் லாரிக்காரன். டயர், டீசல், மார்க்கெட் என்று எனக்கு இருக்கிற எரிச்சல் போதாதா? வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

மச்சான் பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேர்ந்தவர். பைலட் இல்லை, பிட்டர். இறக்கை, வால், சக்கரம் என்று விமானத்தின் உடம்பைக் கழற்றி மாட்டுகிற வேலை. ஒவ்வொரு விமானமும் கிளம்புமுன் பிட்டர் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தக் கையெழுத்து விழாமல் எவ்வளவு பெரிய ஆபீசரும் ஏற முடியாதாம். பதினைந்து வருஷம் அப்படிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவர்களை ஏற்றிவிட்ட மனுஷன், தான் ஒரு தடவைகூட முன் சீட்டில் உட்கார்ந்து போனதில்லை. லீவில் வரும்போது இரண்டு மூன்று தடவை சரக்கு விமானத்தில் மூட்டையோடு மூட்டையாக வந்திருக்கிறார். அதில் ஜன்னல்கூடக் கிடையாது.

"பதினஞ்சு வருஷம் சமையக்காரனா இருந்துட்டு, ஒரு வாய் சோறு திங்காம வந்த மாதிரி இருக்கு மாப்ள" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஒரே ஒரு தடவை, முன் சீட்டில் உட்கார்ந்து, மேலே ஒரு சுற்று. அவர் வாய்விட்டு ஆசை என்று சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பியவர் ஏலத்தோட்டங்களில் மருந்தடிக்கும் மெஷின்களை ரிப்பேர் செய்கிற பட்டறை போட்டார். நல்ல கைராசி. மலையிலிருந்து ஜீப்பில் மெஷின்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, தொண்ணூற்றேழில் விமானத்தை ஆரம்பித்தார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டறையை அடைத்தால் எட்டு மணி வரை கொட்டகைதான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மேலே கூரை மாதிரி இரண்டு இறக்கை, முன்னால் ஒரு பழைய கார் எஞ்சின். முதல் தடவை எஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்றைக்கு எதிர்வீட்டுக் கூரையில் நாலு ஓடு பறந்தது. தேவாரத்தில் அந்த விமானத்தால் பறந்தது அது ஒன்றுதான் என்று ஊரே சொல்லிச் சிரித்தது.

அக்கா அதைச் சப்பரம் என்றுதான் சொல்லும். "அவுக சப்பரத்துக்குப் போயிட்டாக" என்றால் கொட்டகையில் இருக்கிறார் என்று அர்த்தம். மகள் கல்யாணத்தையே அந்தச் சப்பரத்தை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கொட்டகையில்தான் பந்தி போட்டு நடத்தியது. கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் பதினோரு வருஷம் ஒருத்தர் கோபத்தையும் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதுவும் ஓய்ந்துவிட்டது.

அவர் டில்லிக்கு எழுதிப்போட்டு, படம் வரைந்து அனுப்பி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் ஒரு காகிதம் வாங்கினார். 2008 மார்ச் முடிவதற்குள், ஒரு பரிசோதகர் முன்னிலையில், லைசென்ஸ் உள்ள பைலட் ஒருவர் அதை ஓட்டிப் பார்க்கலாம். அதற்கும் ஆள் இருந்தார். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை வைகுண்டராஜ், விமானப்படையில் பைலட்டாக இருந்தவர். மச்சான் கையெழுத்துப் போட்ட விமானங்களை எத்தனையோ தடவை ஓட்டியவர். ஏப்ரல் முதல் வாரம் கனடாவில் மகளோடு இருக்கப் போகிறார், திரும்பி வருவதாக இல்லை. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முதலில் தனியாக ஒரு சுற்று, சரியாக இருந்தால் மச்சானை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று என்று ஒத்துக்கொண்டார்.

ஓடுதளம் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மில் முதலாளி சொந்தமாகப் போட்டது. இறக்கையோடு விமானத்தின் அகலம் முப்பதடி. எங்கள் பஜார் வீதியில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டும். ஆக இறக்கையைக் கழற்றித்தான் ஆகவேண்டும், கழற்றியதை என் லாரியில்தான் ஏற்றியாக வேண்டும். என்னைக் கேட்கக்கூட இல்லை. அக்கா வந்து, "ஏலே, வெள்ளிக்கிழமை லோடு எடுக்காத" என்றது. அவ்வளவுதான்.

அதற்குள் மச்சானுக்குச் சர்க்கரை முற்றி இடது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. காலில் மதமதப்பு. ஐம்பத்தெட்டு வயசு, பார்த்தால் எழுபது சொல்லலாம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் லோடுமேன்கள் சின்னக்கருப்பும் அம்மாவாசியும் போனபோது, அவர் இறக்கைக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விரலால் போல்ட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தார். தூங்கியிருக்க மாட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான் ஏதோ பெரிய மெஷின் வைத்துக் கழற்றுவார் என்று நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒவ்வொரு இறக்கையும் உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு போல்ட், அடியில் முட்டுக் கொடுக்கும் கம்பியில் ஒரு போல்ட். மூன்றே மூன்று. அந்த மூன்றில்தான் இரண்டு ஆள் தொங்கப் போகிறார்கள்.

பெட்ரோலை வடித்து, உள்ளே ஓடும் வயர்களைக் கழற்றிவிட்டு, என்னை இறக்கையின் நுனியில் நிற்க வைத்தார்.

"தோள்ல தாங்கு. கையில தொங்க விடாத. சின்னக்கருப்பு, நீ நடுவுல இங்கன புடி. ம். நுனிய ஒரு நூல் தூக்கு மாப்ள."

நூல் என்றால் ஆசாரிகள் சொல்லுகிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாங்கள் தார் தூக்குகிறவர்கள். எங்களுக்குத் தூக்குவது தெரியும், நூல் தெரியாது. தூக்கினேன்.

"ரொம்ப. அரை நூல் எறக்கு. இன்னும் கொஞ்சம். அங்கனயே நில்லு."

இரண்டு விரலால் போல்ட்டைப் பிடித்து இழுத்தார். ஆடுகிற பால் பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று.

"பாத்தியா? இறக்கை தன் எடத்துல நின்னுச்சுன்னா போல்ட்டு மேல பாரம் கெடையாது. வர மாட்டேங்குதுன்னா போல்ட்டு மேல தப்பில்ல, நுனியில நிக்கிறவன் மேல தப்பு. என்ன ஆனாலும் அடிக்கக் கூடாது. அடிச்சா தொளை போச்சு, தொளை போனா எல்லாம் போச்சு."

இன்னொன்றும் சொன்னார். இடது பக்கத்துத் துளையை முதலில் அறுத்தபோது கை கொஞ்சம் ஓடிவிட்டதாம். அதற்குத் தக்கபடி போல்ட்டை மயிரிழை தடிமனாக லேத்தில் கடைந்தாராம். வலது பக்கத்துப் போல்ட் சன்னம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தது அந்தப் பக்கம்தான் போக வேண்டும். நான் ம் கொட்டினேன். தோள் வலித்துக்கொண்டிருந்தது.

ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை மகள் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சப்பையில் போட்டார். மறுபக்கத்தை ஜவுளிக்கடைப் பையில். இரண்டையும் ஆணியில் மாட்டினார். இறக்கைகளைத் தார் அடுக்குகிற மாதிரி வாழைச்சருகு மெத்தென்று பரப்பி, நிமிர்த்தி வைத்துக் கட்டினேன். வால் லாரிக்கு வெளியே மூன்றடி நீட்டிக்கொண்டு நின்றது. அதில் சிவப்புத் துணி கட்டினேன். எல்லாம் முடிய மதியம் இரண்டு மணி. மச்சான் இன்னும் சாப்பிடவில்லை. அக்கா சத்தம் போட்டு, சுவரோரம் உட்கார வைத்துச் சோற்றைக் கொடுத்தது.

நான் பைகளை எடுத்துக்கொண்டு, "மச்சான், எது எந்தப் பக்கம்? எழுதி வச்சிருவோம்" என்றேன்.

அவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "கல்யாணப் பை டிரைவர் சைடு. கடைப் பை கிளீனர் சைடு."

மார்க்கர் பேனாவால் ஒன்றில் 'டி' என்றும் ஒன்றில் 'கி' என்றும் எழுதி, என் சீட்டுக்கு அடியில் போட்டேன். எனக்குப் புரியட்டும் என்று என் பாஷையில் சொன்னார் மனுஷன். எனக்கும் நன்றாகப் புரிந்தது. இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், டிரைவர் சைடு எது என்று எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். போடி, தேனி, பெரியகுளம். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கெங்குவார்பட்டியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். மச்சான் டில்லிக் காகிதத்தைப் பையிலிருந்து எடுப்பதற்குள் அவரே, "சினிமா ஷூட்டிங்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் மத்தியானம் வரை அங்கேதான் நிற்க வேண்டும். மச்சான் சிரிக்கக்கூட இல்லை. கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை முடிஞ்சாப் போதும் மாப்ள. அப்பறம் நல்லாத் தூங்கணும்" என்றார்.

ஓடுதளத்தில் நிழல் என்று ஒரு முள்மரம்கூட இல்லை. தார்ப்பாயும் வெயிலும்தான். நாங்கள் போய் இறக்கி, உடம்பை நிறுத்தி முடிக்க மதியம் ஆகிவிட்டது. இறக்கை மாட்டும்போது உள்ளே வயர்களை இணைக்க மச்சானை விட்டால் ஆள் கிடையாது. அவர் சீட்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டார். வெளியே போல்ட் போடுவது என் வேலை. மில் வாட்ச்மேன் ஒருவரை நுனியில் நிறுத்தினேன்.

முதலில் வலது பக்கம். நான் 'டி' பையைத் திறந்தேன்.

போல்ட் போகவில்லை. தூக்கு என்றேன், இறக்கு என்றேன், ஒரு நூல் என்றேன், அரை நூல் என்றேன். முனை மட்டும் நுழைந்து நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஆயிற்று. சின்னக்கருப்பு, "அண்ணே, தோளு கழண்டுரும் போல இருக்கு" என்று முனகினான். வாட்ச்மேன் எப்போது இறக்கி வைக்கலாம் என்று கேட்டார். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயில் மேல், போல்ட் மேல், இந்தச் சப்பரத்தின் மேல், உள்ளே படுத்துக்கொண்டிருக்கிற மனுஷன் மேல். இவர் ஒரு சுற்று சுற்றுவதற்கு நாங்கள் சாக வேண்டுமா?

லாரியிலிருந்து சுத்தியலை எடுத்தேன். சத்தம் வராமல் இருக்கத் துண்டைச் சுற்றினேன். மூன்று அடி. போய்விட்டது. அடுத்ததற்கு நாலு அடி. துண்டு நழுவி ஒரு அடி நேராக இரும்பில் விழுந்தது.

"என்ன சத்தம் மாப்ள?" உள்ளேயிருந்து மச்சான்.

"லாரிக் கதவு மச்சான், காத்துல அடிக்குது" என்றேன்.

காற்றே இல்லை.

இடது பக்கம் 'கி' பை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்றும் ஒரே தள்ளில் உள்ளே போய்விட்டன. நான் சந்தோஷப்பட்டேன். இதுதான் மச்சான் சொன்ன பக்குவம், நமக்கும் கை வந்துவிட்டது என்று நினைத்தேன். நட்டை முறுக்கி, அது கழலாமல் இருக்கக் குறுக்கே பின் ஊசி குத்தி முடித்தேன். நாலரை மணிக்கு மச்சான் வெளியே வந்து, ஒவ்வொரு நட்டாகப் பின் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பின் இருந்தது. தலை சுற்றுகிறது என்று தார்ப்பாய் நிழலில் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வைகுண்டராஜ் சாரும் பரிசோதகரும் வந்தார்கள். பரிசோதகர் பொறுமையான மனுஷர். இரண்டு மணி நேரம் பார்த்தார். எஞ்சின், வால், வயர், நட்டு, பின், எல்லாம். தன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எஞ்சினை ஓட்டினார்கள். வைகுண்டராஜ் சார் தரையிலேயே கோடி வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். கட்டைவிரலை உயர்த்தினார். அம்மாவாசி கைதட்டினான். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்தது. சட்டைப்பையில் பேனா. கையில் விமானப்படையில் வைத்திருந்த மாதிரியே கோடு போட்டு வைத்திருந்த நோட்டு. அதில் பிட்டர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். அதில் அவர் கையெழுத்து விழுந்தால் சார் கிளம்புவார்.

"ஒரு நிமிசம் சார்" என்று சொல்லிவிட்டு விமானத்தைச் சுற்றி நடந்தார். கண்ணை நம்பாமல் விரலால் பார்த்துக்கொண்டே போனார். இடது இறக்கையின் நுனிக்கு வந்து, உள்ளங்கையை அடியில் கொடுத்து மெதுவாகத் தூக்கினார்.

'டக்'.

விட்டார். மறுபடி தூக்கினார். 'டக்'. எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டமாதிரி இல்லை. போல்ட் இருக்கும் இடத்துக்குப் போய் விரலை வைத்து, அம்மாவாசியை நுனியைத் தூக்கச் சொன்னார். அப்புறம் வலது பக்கம் வந்தார். போல்ட்டின் தலையைக் கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். சுத்தியல் பட்ட பள்ளம் அங்கே இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை அழுக்காகுமே என்றுகூட நினைக்கவில்லை.

"என்ன பொன்னுராஜ்?" சார் இறங்கி வந்தார்.

"போல்ட்டு பக்கம் மாறிப் போச்சு சார். இங்கன உள்ளது அங்கன போயிருக்கு. இடது ஆடுது. வலது தொளை விரிஞ்சு போச்சு."

பரிசோதகர் தூக்கிப் பார்த்தார். "அரை நூல்கூட இருக்காதே" என்றார்.

சார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பொன்னுராஜ், நான் இதைவிட மோசமானதை எல்லாம் ஓட்டியிருக்கேன். ஒரு சுத்துதான். தாழ்வா, மெதுவா. அடுத்த வாரம் நான் இங்க இல்ல. உனக்குத் தெரியும்."

மச்சான் நோட்டைப் பார்த்தார். அந்தக் கட்டத்தை வெகு நேரம் பார்த்தார். அவர் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது பறந்திருக்கும். பறந்து பத்திரமாக இறங்கியும் இருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பதினோரு வருஷம் கழித்து, பேனா சட்டைப்பையில் இருக்கும்போது, அந்த மனுஷன் தலையை ஆட்டினார்.

"நீங்க ஓட்டிருவீக சார். நான் ஏத்தி விட மாட்டேன்."

எப்படி மாறியது என்று பரிசோதகர் கேட்டார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அந்த விமானத்தில் ஓட்டுகிறவர் உட்காருவது இடது பக்கம். எல்லா விமானத்திலும் அப்படித்தானாம். பதினைந்து வருஷம் விமானத்தோடு கிடந்தவருக்கு டிரைவர் சைடு என்றால் இடது. இருபத்தாறு வருஷம் லாரியோடு கிடந்தவனுக்கு டிரைவர் சைடு என்றால் வலது. இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்த வார்த்தை, அதனால்தான் இரண்டு பேரும் திருப்பிக் கேட்கவில்லை.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சுத்தியலை எடுத்தது நான், கதவு என்று பொய் சொன்னது நான் என்று. நான் லாரிக் கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பக்கம் மாறியது யார் தப்பாகவும் இருக்கட்டும். அடித்தது என் தப்பு. மாறிப்போனது மட்டும் என்றால் அங்கேயே கழற்றி மாற்றியிருக்கலாம், அடித்ததில் துளையே போய்விட்டது.

"நான் சொன்னதுல கொழப்பம். என் தப்புதேன் சார்" என்றார் மச்சான்.

சார் அவர் தோளில் கைவைத்து நின்றுவிட்டுப் போனார். நாங்கள் மறுபடி கழற்ற ஆரம்பித்தோம். இடது பக்கம் தானாக வந்தது. வலது பக்கம் அசையவில்லை. மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "லாரியில சுத்தியல் இருக்கும்ல மாப்ள. எடுத்துட்டு வா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே அடித்துத் தள்ளினார். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது வத்தலக்குண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கெங்குவார்பட்டி தாண்டியதும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்து, "மச்சான்" என்றேன். தூங்குகிறவர் மாதிரி இருந்தார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது. தேவாரத்தில் அக்கா வாசலில் நின்றது. லாரியின் மேல் இறக்கைகளைப் பார்த்தது. "கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றது.

அதற்குப் பிறகு நான் அந்தக் கொட்டகைப் பக்கம் போகவில்லை. மச்சான் துளையைக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, புதுப் போல்ட் கடைகிறார் என்று கேள்விப்பட்டேன். பஜாரில் பார்த்தால், "ஒரு நாள் வா மாப்ள, மாட்டிப் பாப்பம்" என்பார். "லோடு இருக்கு மச்சான்" என்பேன். லோடு எப்போதும் இருக்கத்தான் செய்யும். தீபாவளிக்குப் போனால் வாசலோடு பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. டில்லிக் காகிதம் அந்த மார்ச்சோடு காலாவதி ஆகியிருந்தது. அவருக்கு வலது கண்ணும் மங்கியது.

2010 தை மாசம், பட்டறையில் மெஷின் ஒன்றைக் கையில் வைத்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் மதுரை மார்க்கெட்டில் தார் இறக்கிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மூன்று மாசம் கழித்து அக்கா கூப்பிட்டனுப்பியது. திண்டுக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் விமானத்தைக் கேட்கிறார்களாம், பிள்ளைகள் பார்த்துப் படிக்க வாசலில் நிறுத்தப் போகிறார்களாம். கொடுத்துவிடலாம் என்றது. "நீதேன் ஏத்திக்கிட்டுப் போகணும்" என்றது.

இரண்டு வருஷம் கழித்துக் கொட்டகைக்குள் போனேன். இறக்கைகள் சுவரோரம் சாக்குப் போர்த்தி நின்றன. சாக்கை எடுத்தேன். உடம்போடு சேருகிற அடிப்பகுதியில், மாட்டிவிட்டால் வெளியே தெரியாத இடத்தில், சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. கண் தெரியாதவர் கையெழுத்து, வரி ஏறி இறங்கிக் கிடந்தது.

ஒன்றில்: 'மலைச்சாமிக்குப் பீச்சாங்கைப் பக்கம்.'

மற்றதில்: 'மலைச்சாமிக்குச் சோத்தாங்கைப் பக்கம். சுத்தியல் வேண்டாம். நுனியில் நிற்கிறவனைத் தூக்கச் சொல்.'

அதே ஆணியில் அதே இரண்டு பைகள். உள்ளே புதுப் போல்ட்டுகள், எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி.

அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா பின்னால் வந்து நின்றது.

"எழுதுறப்பவே கேட்டேன், எதுக்கு அவன் பேரைப் போடுறீகன்னு. வேற யாரு வந்து மாட்டப் போறா, அவந்தேன் வருவான்னாக" என்றது. அப்புறம், "அது என்னடா சுத்தியல்?" என்று கேட்டது.

சொன்னேன். துண்டு சுற்றியது, லாரிக் கதவு என்றது, எல்லாம். அக்கா இறக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றது. திட்டும் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசமா நீ ஏன் வரலைன்னு நாந்தேன் கேட்டுக்கிட்டே இருந்தேன். அவுக ஒரு நாளும் கேக்கல" என்றது.

காலேஜில் இருபது பையன்கள் இறக்கையைத் தாங்க ஓடிவந்தார்கள். எட்டுப் பேர் போதும் என்று சொல்லி, தோளில் தாங்க வைத்தேன். நான் சோத்தாங்கைப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்துப் பையைத் திறந்தேன். போல்ட் முனையோடு நின்றது. பையன்களுக்கு வியர்த்தது. எனக்குத் தோளும் முட்டியும் ஒரேயடியாக வலித்தன.

புரொபசர் பார்த்தார். காலேஜ் ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு சுத்தியலை வாங்கி என் பக்கம் நீட்டினார். "லேசா ஒரு தட்டுத் தட்டுங்க, போயிரும்."

"வேண்டாம் சார். எழுதியிருக்கு" என்றேன்.

நுனியில் நின்ற பையனை அரை நூல் தூக்கச் சொன்னேன்.